மீனா வெளியே போகக் கூடாது

ருக்ஸானா எழுதிய ஆறு புத்தகங்களில் ஒரு கொலைகாரன், ஒரு கள்ளக்கடத்தல் கும்பல், ஒரு போலிச் சாமியார், சொந்தக் கடையிலேயே கைவைத்த ஒரு நகைக்கடைக்காரர் என்று ஒரு பட்டாளமே பிடிபட்டிருக்கிறது. பிடித்தவள் மீனா என்கிற பதினாறு வயதுப் பெண். அத்தனை பேரையும் அவள் வீட்டை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்காமல் பிடித்தாள். செருப்பே போடாமல் துப்பறிகிற ஆள் உலகத்தில் இவள் ஒருத்திதான் என்று ருக்ஸானாவின் கணவர் ரியாஸ் கேலி செய்வார். ருக்ஸானாவுக்குச் சிரிப்பு வராது. அவள் ஆறு வருடமாக அந்தப் பெண்ணோடு அந்த வீட்டுக்குள்தான் கிடக்கிறாள்.

மீனா வெறும் கற்பனைப் பெண்ணாக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சிங்கப்பூரில் தமிழ் படித்த பிள்ளை யாரைக் கேட்டாலும் மீனலோசனியைத் தெரியும் என்று சொல்லும். பதினோரு நாவல் எழுதியவர். பாடப்புத்தகத்தில் இருக்கிறார். லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துச் சுவரில் வட்டக் கண்ணாடியும் கறுப்புக் குடையுமாக ஆளுயரத்துக்கு மேல் வரைந்து வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அவர் யாரென்று தெரியாமலே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூச்ச சுபாவம், மேடை ஏற மாட்டார், அவருக்குக் கொடுத்த மாலைகளை எல்லாம் அண்ணன்தான் கழுத்தில் வாங்கிக்கொண்டார் என்று பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்கிறது. அந்த மீனலோசனி எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால், பதினாறு வயதில், துப்பறிந்திருந்தால் எப்படி இருக்கும்? இதுதான் ருக்ஸானாவின் புத்தக வரிசை.

யோசனை அவளுடையது இல்லை. பதிப்பாளர் இளமாறன் அவள் தலையில் கட்டியது.

ருக்ஸானா பூன் லேயில் பிறந்து பூன் லேயிலேயே வாழ்க்கைப்பட்டவள். வாப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். அவளுக்கு வேலை சாங்கியில், விமானச் சரக்குப் பிரிவில். திருச்சியிலிருந்து வரும் முருங்கைக்காய்ப் பெட்டியும் மல்லிகைப் பெட்டியும் வாடிப்போவதற்குள் வெளியே போக வேண்டும், அதற்கான வேலைகளை முடித்துக் கொடுப்பவள் அவள். தீவின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் வேலை. நடுவில் ரயில். அந்த ரயிலில்தான் அவள் கைப்பேசியில் எழுதினாள். சரக்குப் பிரிவுப் பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. பெட்டி பெட்டியாக ஊர் ஊருக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் மட்டும் எங்கேயும் போகாத பெண்கள். ஒரு சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கிய தெம்பில் அதை இளமாறனிடம் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்குக்கா," என்றான் இளமாறன். "ஆனா உங்க பேருக்கு யாருக்கா வாங்குவாங்க? ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மிஸ்டரி எழுதுங்க. மீனலோசனி பேரைப் போட்டா எல்லா ஸ்கூல்லயும் எடுத்துக்குவாங்க லா. அது ஓடட்டும், அப்புறம் உங்க நாவலைப் போடலாம்."

அந்த 'அப்புறம்' ஆறு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

பேரைப் போடுவதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். மீனலோசனிக்குக் கல்யாணம் இல்லை. அவருடைய அண்ணன் மகன் ஞானசேகரன் லிட்டில் இந்தியாவில் தேக்காச் சந்தைக்கு மேலே இருக்கும் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். எண்பதை எட்டியவர், ஓய்வுபெற்ற துறைமுக அலுவலர், சட்டைக் கையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வோர் அத்தியாயத்தையும் அச்சுக்குப் போகும் முன் ஞாயிற்றுக்கிழமை வந்து தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியதை அனுப்பினால் போதாது, வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதுதான் மரியாதை என்றார். ருக்ஸானாவுக்கு அது பிடித்தும் இருந்தது. எழுதுகிறவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு காது கிடைப்பது லேசா?

அந்தக் காதோடு ஒரு விரலும் ஒட்டிக்கொண்டு வந்தது. வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிடிக்காத இடம் வந்தால் ஆள்காட்டி விரல் உயரும்.

"அத்தை அப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்கம்மா."

முதல் புத்தகத்தில் மீனா இருட்டிய பிறகு ஆற்றங்கரைக்குப் போனாள். விரல் உயர்ந்தது. சரி, வயசுப் பெண், அந்தக் காலம், நியாயம்தான் என்று ருக்ஸானா அதைப் பகலாக மாற்றினாள். பகலிலும் தனியாகப் போகக் கூடாது என்றார். துணைக்கு ஒரு வேலைக்காரியைச் சேர்த்தாள். வேலைக்காரியோடு போனாலும் அந்நிய ஆண்களிடம் பேசக் கூடாது. கோயிலுக்கு? கூட்டம் இருக்கும், வேண்டாம். எதிர்க்கடைக்கு? எதற்கு, ஆள் அனுப்பினால் போதாதா? அந்தப் புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் மீனா அண்ணனின் மளிகைக்கடைக்கு மேலே, மாடி அறையில், ஜன்னலோரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எழவில்லை. கொலை நடந்தாலும் ஜன்னலுக்கு நேரே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது மாடியேறி வந்து சொல்ல வேண்டும். போலிச் சாமியாரை அந்தத் தெருவுக்கே வரவழைப்பதற்குள் ருக்ஸானாவுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. பள்ளிகள் வாங்கிக் குவித்தன. தமிழ்மொழி மாதம் வந்தால் ருக்ஸானாவை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், அதுவும் மீனலோசனியாக வரச் சொல்வார்கள். விடுப்பு போட்டு, முக்காட்டுக்கு மேலே வில்லை இல்லாத வட்டக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு அவள் மேடை ஏறுவாள். நடைபாதையில் பார்க்கும் பிள்ளைகள் "மீனா ஆன்ட்டி!" என்பார்கள். ருக்ஸானா என்று கூப்பிட ரியாஸையும் சரக்குப் பிரிவையும் விட்டால் ஆள் இல்லை.

இந்த வருடம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பத்துப் புத்தகத்துக்கு ஒப்பந்தம். ஏழாவதோடு முடிக்கிறேன் என்று இளமாறனிடம் மூக்கால் அழுதாள். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"முடிங்கக்கா. ஆனா முடிஞ்ச மாதிரி முடியணும். அவ ஜன்னல்லயே உக்காந்திருந்தா பிள்ளைங்க அடுத்தது எப்போன்னுதான் கேப்பாங்க. எங்கயாவது கிளம்பிப் போகட்டும். அங்கிள் அதுக்குச் சரின்னு சொல்லிட்டா ஏழு. இல்லைன்னா பத்துதான், சாரி."

அன்றிரவே ருக்ஸானா மீனாவைக் கப்பலேற்றினாள். ஞாயிற்றுக்கிழமை போய் வாசித்தாள். மீனா துறைமுகத்தில் கால் வைப்பதற்குள் விரல் உயர்ந்துவிட்டது.

"அத்தை கப்பலேறினதில்லைம்மா."

"கதைதானே அங்கிள்."

"கதைன்னாலும். அத்தை வெளிய போக மாட்டாங்க."

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கிராஞ்சி விடுதிகளிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் வந்த தொழிலாளர்கள் புல்வெளியெல்லாம் உட்கார்ந்து கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து ரயிலடிக்குப் போகும்போது ருக்ஸானாவுக்கு மூச்சு முட்டியது. இன்னும் மூன்று புத்தகம். இன்னும் மூன்று பேரை அந்த ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து சாகடிக்க வேண்டும். தன் நாவலை இனி எழுதவே போவதில்லை என்று அவளுக்கு அன்றைக்கு நிச்சயமாகத் தோன்றியது. அழுகை வந்தது. ரயிலில் அழ வெட்கப்பட்டு, கம்பியைப் பிடித்தபடி பூன் லே வரைக்கும் வாயைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் உட்லண்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடம். வழக்கமான கேள்விகள் வந்தன. எப்படி எழுதுகிறீர்கள், எவ்வளவு நாளாகும். பின்வரிசையிலிருந்து வைஷாலி என்ற ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், ஒரு டவுட். மீனலோசனி நாவல்ல யாருக்குமே கால் இல்லையா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியை முறைத்தார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"இல்ல மேடம், சீரியஸா. உங்க புக் படிச்சிட்டு அவங்க ரியல் நாவல்ஸ் மூணு படிச்சேன். தெருவுல வர்ற எல்லாரும் தலையில இருந்துதான் ஸ்டார்ட் ஆகுறாங்க. வழுக்கை, வகிடு, தலைப்பா, குடை. செருப்பு போட்டவங்க ஒருத்தர்கூட இல்ல. நான் செக் பண்ணேன்."

ருக்ஸானா நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள். பதில் தெரியாதவர்கள் மேடையில் செய்வது அதுதான். ஆனால் கேள்வி அவளோடு ரயிலேறியது.

மீனலோசனியின் நாவல்கள் நூலகச் செயலியில் கிடைக்கின்றன. அவள் அவற்றைப் பலமுறை படித்தவள், சில பக்கங்கள் மனப்பாடம். அன்றைக்குத்தான் அவற்றை மீனாவைப் போல, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். வழுக்கையில் வெயில் பட்டுத் தெறிக்க ஒரு வட்டிக்கடைக்காரர் வந்தார். நேர்வகிடு எடுத்த ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு கறுப்புக் குடை பேசியது. வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு மூக்கு, முழி, கால்விரல் மெட்டிவரை எல்லாம் இருந்தன. தெருவில் இருப்பவர்களுக்கு உச்சந்தலை மட்டும்தான். ஒரு நாவலில் இல்லை, எல்லா நாவலிலும் அப்படித்தான். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரு அப்படித்தான் தெரியும்.

ரயில் பூன் லேயில் நின்றதைக் கவனிக்காமல் அடுத்த நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

"அப்போ அந்தம்மா கீழ இறங்கவே இல்லையா?" என்றார் ரியாஸ். பேருந்து ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"இறங்க விட்டாங்களான்னு தெரியலங்க."

ரியாஸ் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் செருப்புக் கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் வழக்கம்போல் பாலில்லாத டீ, தே ஓ, போட்டுக் கொடுத்தார். கைப்பேசியை எடுப்பாள், வாசிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டார். ருக்ஸானா எடுக்கவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று ரயில் முழுக்க மென்று விழுங்கிக்கொண்டு வந்ததை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டாள்.

"அங்கிள், அத்தை ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

கண் திறந்தது. அவர் அவளைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த அத்தையின் படத்தைப் பார்த்தார்.

"டீ ஆறிடும், குடிம்மா."

அவள் குடித்தாள். அவரும் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"வெளிப்பக்கம்," என்றார். பிறகு, யாரோ குறை சொன்னதற்குச் சமாதானம் சொல்வதுபோல், "ஜன்னல் இருந்துச்சே. பெரிய ஜன்னல்."

பதினாறு வயதில் அத்தை ஒரு நாள் தனியாக நாடகம் பார்த்துவிட்டு வந்தாராம். அவ்வளவுதான். கூட ஆள் இல்லை, காதல் இல்லை, ஒன்றும் இல்லை. தெருவில் பேசினார்கள். அண்ணன் தச்சனைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். காகிதமும் பேனாவும் கேட்டால் வாங்கிக் கொடுத்தார், எழுதியதைப் பத்திரிகைக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கச்சியை ராணி மாதிரி வைத்திருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஞானசேகரன் பிறந்து விவரம் தெரிந்தபோதும் தாழ்ப்பாள் இருந்தது. எல்லா வீட்டிலும் அத்தைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சின்ன வயதில் அவர் நம்பினார்.

"நான் ஸ்கூல் விட்டு வந்தா என்கிட்ட ஒண்ணுதான் கேப்பாங்க. வழியில பாத்தவங்க கால்ல என்ன போட்டிருந்தாங்கன்னு. நான் எங்க பாத்தேன்? எனக்கு விளையாட்டு. தெரியாதுன்னுடுவேன்."

ஆறு வருடமாக இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து துப்பறியும் கதை வாசித்தவள் ருக்ஸானா. ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை.

"அப்பா காலமான அன்னிக்கே அம்மா அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டி எறிஞ்சிட்டாங்க. அதுக்கப்புறம் கதவு திறந்தேதான் கிடந்துச்சு. முப்பது வருஷம். அத்தை போகல."

"ஏன் அங்கிள்?"

"நானும் கேட்டேன். செருப்பு இல்லடான்னாங்க. வாங்கிட்டு வந்து கொடுத்தேன். நல்ல தோல் செருப்பு. காலுக்குச் சரியாயிருக்கான்னுகூடப் போட்டுப் பாக்கல."

அவர் குவளைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இதெல்லாம் நீ எழுதக் கூடாது. குடும்ப மானம்."

"எழுத மாட்டேன் அங்கிள்."

சொன்னபடிதான் நடக்கப் போகிறாள். வாக்குக் கொடுத்துவிட்டால் அவளால் மீற முடியாது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. இந்த மனிதர் ஆறு வருடமாக விரலைத் தூக்கித் தூக்கி மீனாவையும் அதே அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார். உலகத்துக்கு முன்னால் அத்தை வெளியே போகாதவராகவே இருக்க வேண்டும், போக விடப்படாதவராக ஆகிவிடக் கூடாது. ரயில் க்ளெமெண்டியைத் தாண்டும்போது கோபம் திரும்பி அவளையே பார்த்தது. அவள் அறைக்கு யார் தாழ்ப்பாள் போட்டார்கள்? சரக்குப் பிரிவு நாவலை எழுதாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது. இளமாறன், ஒப்பந்தம், பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை என்று அவளும் செருப்பு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கப்பலை அழித்தாள். துறைமுகத்தையும் அழித்தாள். பூன் லேக்கும் சாங்கிக்கும் நடுவே, காலையிலும் மாலையிலும், அந்த வாரம் முழுக்க ஒரே ஓர் அத்தியாயம் எழுதினாள்.

அடுத்த ஞாயிறு அவள் வாசிக்க ஆரம்பித்தபோது ஞானசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். நடுப்பகல். மீனா ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறாள். கதவைத் தள்ளுகிறாள். அது திறந்துகொள்கிறது. எப்படித் திறந்திருந்தது என்று ருக்ஸானா எழுதவில்லை. மீனா மாடிப்படியின் உச்சியில் வந்து நிற்கிறாள்.

விரல் உயர்ந்தது.

ருக்ஸானா நிறுத்தினாள். இதோ வரப்போகிறது அந்த வாக்கியம், இன்னும் மூன்று புத்தகம் என்று நினைத்தாள். விரல் அப்படியே நின்றது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவள் மேலே வாசித்தாள். ஆறு வருடத்தில் விரல் உயர்ந்த பிறகு அவள் வாசித்தது அதுதான் முதல்முறை.

மீனா கடைசிப் படியில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொள்கிறாள். முதலில் கடிக்கிறது. ஐந்தடி நடைபாதையில் இறங்கி நிற்கிறாள். எதிரே ஒருவர் வருகிறார். அவருடைய வழுக்கையைத்தான் அவளுக்கு இத்தனை நாளும் தெரியும். இன்றைக்குத்தான் அவருக்குப் பூனைக்கண் இருப்பதைப் பார்க்கிறாள், இடது கால் செருப்பின் வாரை நூலால் கட்டியிருப்பதைப் பார்க்கிறாள். பெயர் தெரியாத அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார். மீனா நடக்கிறாள். கொலை இல்லை, திருட்டு இல்லை. யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. தெருமுனைவரைக்கும் போய், அந்தப் பக்கம் திரும்பி மறைகிறாள். எங்கே போனாள் என்று எழுதவில்லை.

வாசித்து முடித்தாள். விரல் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. ஞானசேகரனின் மூடிய கண்ணோரம் நனைந்திருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இது எந்த மாசம்மா?"

"டிசம்பர், அங்கிள்."

"மழைக்காலமாச்சே," என்றார். "அத்தையைக் குடை எடுத்துக்கச் சொல்லும்மா."

ருக்ஸானா சரியென்று தலையாட்டினாள். கீழே வந்து, புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே இடம் தேடி உட்கார்ந்தாள். இளமாறனுக்கு 'ஏழுதான்' என்று ஒரு செய்தி தட்டினாள். பிறகு அத்தியாயத்தைத் திறந்து, மீனாவின் கையில் கறுப்புக் குடையைக் கொடுத்தாள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: அன்றைக்கு அந்த மாடி ஜன்னலில் யாராவது நின்றிருந்தால், மழையில் ஒரு கறுப்புக் குடை தெருமுனை திரும்பியதை மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.